தீவு மேப்புக்கு நிலப்பரப்பு: கேயாவா, வேர்ல்டு மெஷினா, எஞ்சினுக்குள்ளேயே போதுமா?

படகுத்துறை எழுதியது:

வணக்கம். நாங்கள் மூன்று பேர் அன்ரியல் எஞ்சின் 5 என்ற ஆட்டம் உருவாக்கும் மென்பொருளில் ஓர் ஆட்டம் செய்து வருகிறோம். களம் கற்பனைத் தீவுதான். ஆனால் நம் சிங்கப்பூர்க்காரர் யார் பார்த்தாலும் நம் புலாவ் உபின் தீவு மனத்துக்கு வரவேண்டும். தண்ணீர் நிறைந்து கிடக்கும் பழைய கருங்கல் குவாரி, கிழக்கே உபினின் செக் ஜாவா ஈரநிலம் மாதிரி ஒரு சேற்றுத் திட்டு, நடுவில் காட்டுக் குன்று, தெற்கே படகுத்துறை. பரப்பு 2 கி.மீ.க்கு 2 கி.மீ. குன்றின் உச்சி 75 மீட்டர். குவாரியின் அடி கடல்மட்டத்துக்குக் கீழே 20 மீட்டர் வரை போகும்.

கணினி விண்டோஸ், 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. ஒருவரிடம் மட்டும் மேக். இலவசமாகவே முடிந்தால் நல்லது, கட்டாயம் என்றால் 150 வெள்ளி வரை போடலாம்.

நிலத்தை உருவாக்கும் மென்பொருள் என்று கேட்டால் கேயா, வேர்ல்டு மெஷின், வேர்ல்டு கிரியேட்டர், ஹூடினி, பிளெண்டர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது? அன்ரியலிலேயே கையால் செதுக்கினால் போதாதா? உபினின் உண்மையான உயரத் தரவை எடுத்துப் போட்டுவிடலாமா?


கருங்கல் எழுதியது:

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் எஞ்சின் என்ன கேட்கிறது என்று கணக்குப் போடுங்கள். கணக்கு முடிந்தால் பட்டியலில் பாதி தானாகவே கழன்றுவிடும்.

அன்ரியலில் நிலத்துக்குப் பெயர் லேண்ட்ஸ்கேப். அதற்கு உயரத்தைக் கொடுப்பது ஹைட்மேப், அதாவது தாழ்வைக் கறுப்பாகவும் உயரத்தை வெள்ளையாகவும் காட்டும் படம். எல்லா அளவு ஹைட்மேப்பும் அதற்குப் பொருந்தாது. நன்றாகப் பொருந்துபவை 505, 1009, 2017, 4033, 8129 போன்ற சதுரங்கள். லேண்ட்ஸ்கேப் காம்போனென்ட் என்ற துண்டுகளால் ஆனது. ஒரு காம்போனென்ட்டின் பக்கத்துக்கு 126 கட்டங்கள் என்றால் 8 காம்போனென்ட்டுக்கு 1008 கட்டங்கள், அதற்கு 1009 புள்ளிகள். அந்த ஒற்றைப்படை எண் வருவது இப்படித்தான். உங்கள் 2 கி.மீ.க்கு இரண்டு வழி உண்டு. 2017 அளவில் மீட்டருக்கு ஒரு புள்ளி வைக்கலாம், ஸ்கேல் 100 (அதாவது புள்ளிகளுக்கு இடையே 100 செ.மீ.). அல்லது 1009 அளவில் இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி வைக்கலாம், ஸ்கேல் 200. இரண்டிலும் பக்கம் 2016 மீட்டர்தான்.

அடுத்தது உயரம். உயரத்துக்கான இசட் ஸ்கேல் 100 என்றால் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 512 மீட்டர். உங்களுக்கு மேலே 75, கீழே 20, கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். 128 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், இசட் ஸ்கேல் 25. லேண்ட்ஸ்கேப்பை அப்படியே வைத்தால் அது -64 முதல் +64 வரை நிற்கும். இசட் இடத்தை 3600 செ.மீ. என்று உயர்த்தினால் -28 முதல் +100 வரை ஆகிவிடும். அப்போது கடல்மட்டம் ஹைட்மேப்பில் 14336 என்ற மதிப்பு. இந்த எண்ணை எழுதி மானிட்டரில் ஒட்டிவையுங்கள், வேலை முடியும் வரை தேவைப்படும்.

ஹைட்மேப் 16-பிட் படமாக இருப்பது கட்டாயம். 128 மீட்டரை 8-பிட்டில் பிரித்தால் 256 படிதான், ஒரு படி 50 செ.மீ. 16-பிட்டில் ஒரு படி 2 மில்லிமீட்டர். குன்றில் இந்த வித்தியாசத்தை மரங்கள் மறைத்துவிடும், சேற்றுத் திட்டில் மறைக்க ஒன்றுமில்லை. நம் கடலின் பெரிய ஏற்ற இறக்கமே 3 மீட்டர் அளவுதான். அலையாத்தி வளர்வது அதன் மேல் பாதியில், ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்குள். 8-பிட்டில் அது மூன்று படிக்கட்டு.

இனி மென்பொருளுக்கு வருவோம். கேயாவின் இலவசப் பதிப்பு 1024 வரை வெளியே தரும். மேலே சொன்ன 1009 வழிக்கு அது போதும், அதனால் 150 வெள்ளியைத் தொடவேண்டாம். ஆட்டத்தை விற்கப் போகிறீர்கள் என்றால் உரிம விதியை மட்டும் முதலிலேயே படித்துவிடுங்கள். வேர்ல்டு மெஷினும் நல்லதுதான். கரையோரத்தைக் கோடாக வரைந்து அதற்குள் நிலத்தை எழுப்புவதற்கு அதன் லேஅவுட் வசதி இன்றும் எனக்குப் பிடித்தது. கேயா பிடிபடவில்லை என்றால் அதற்குப் போங்கள். இரண்டுக்கும் விண்டோஸ் வேண்டும். வேர்ல்டு கிரியேட்டர் கிராஃபிக்ஸ் கார்டிலேயே ஓடுவதால் மாற்றம் உடனே தெரியும், ஆனால் நான்கு சதுர கிலோமீட்டருக்காக அதை வாங்க வேண்டியதில்லை. ஹூடினி வேண்டாம். பத்துத் தீவுகளை ஒரே விதியில் பிறப்பிக்கவேண்டும் என்றால் அதைப்போல் இன்னொன்று இல்லை, ஒரு தீவுக்கு அதைக் கற்கும் நேரத்தில் தீவே முடிந்துவிடும்.

கேயாவில் முதல் வேலையாக நிலத்தின் அகலத்தை 2016 மீட்டர், உயரத்தை 128 மீட்டர் என்று மாற்றுங்கள். மழை நீர் மண்ணை அரிப்பதைக் கணிக்கும் அரிப்பு நோட் சரிவைப் பார்த்துத்தான் ஓடும். தொடக்க அளவுகள் பெருமலைக்கு வைத்தவை. அப்படியே விட்டால் உபின் குன்று ஆல்ப்ஸ் மலையின் குட்டிப் பொம்மை மாதிரி கூரான முகடுகளோடு வரும். நம் பக்கத்துக் கருங்கல் மழையிலும் வெயிலிலும் ஆழமாக மக்கி உருண்டு போனது. முகடு மழுங்கி, ஓடைகள் குறைவாக, சரிவு நீளமாக இருக்கவேண்டும். அரிப்பின் வலிமையையும் காலத்தையும் குறையுங்கள், வண்டல் படிவைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

முன்னோட்டத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். அரிப்பு பிக்சல் அளவைப் பொறுத்து மாறும். 512இல் அழகாக ஓடிய ஓடை 1024இல் வேறு இடத்தில் மெலிந்து ஓடும். இறுதி அளவில் ஒருமுறை பில்ட் செய்து, அதாவது கோப்பாக வெளியே எடுத்து, எஞ்சினில் நடந்து பார்த்த பிறகே எண்களைத் திருத்துங்கள்.


செம்மண்சாலை எழுதியது:

உண்மைத் தரவு பற்றிக் கேட்டதால் இது. எடுக்கலாம், ஆனால் நிலமாக அல்ல, கீழே விரிக்கும் வரைபடமாக.

இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம், கோப்பர்னிக்கஸ் ஆகிய ரேடார் உயரத் தரவுகள் இரண்டும் ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. 2 கி.மீ.க்கு ஒரு பக்கம் 65 புள்ளிகள்தான். அதை 1009க்குப் பெருக்கினால் எண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று ஒரு மேடு கிடைக்கும். இன்னொன்று, இரண்டுமே மேற்பரப்பை அளந்தவை. காடு இருக்கும் இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது மண்ணின் உயரம் அல்ல, பெரும்பாலும் மர உச்சிக்குப் பக்கத்து உயரம். அதன் மேல் நீங்கள் மறுபடியும் மரம் நட்டால் 75 மீட்டர் குன்று நூறைத் தொடும். குவாரியில் ரேடார் பார்த்தது தண்ணீரின் மேல்மட்டத்தை, ஆழம் அதில் இல்லை. அதை நீங்களே தோண்டவேண்டும்.

எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்தது. அதற்குப் பிறகு கடலைத் தூர்த்து எழுப்பிய நிலம் எதுவும் அதில் இருக்காது. உபினுக்கு இது பெரிய சிக்கல் இல்லை, நாளைக்குத் துவாஸ் பக்கம் ஒரு மேப் செய்ய நினைத்தால் ஞாபகம் இருக்கட்டும். அதன் உயரங்கள் முழு மீட்டராகவே பதிந்திருக்கும், 12, 13, 14 என்று. அதனால் 16-பிட்டில் சேமித்தாலும் ஒரு மீட்டர் படிகள் வரும். கோப்பர்னிக்கஸ் தசம எண்ணில் இருப்பதால் அதையே எடுங்கள்.

செய்முறை: கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தரவைத் திறந்து ஈபிஎஸ்ஜி 3414க்கு, அதாவது சிங்கப்பூரின் எஸ்விஒய்21 ஆயத்தொலைவு முறைக்கு மாற்றுங்கள். அப்போதுதான் அளவு மீட்டரில் இருக்கும். 2016 மீட்டர் சதுரமாக வெட்டுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கரைக்கோட்டை மேலே போட்டு, உங்கள் கற்பனைத் தீவின் கரையைத் தனிப் பாலிகனாக (மூடிய உருவமாக) வரையுங்கள். அந்தப் பாலிகனை 1024 பிக்சல் கறுப்பு வெள்ளைப் படமாக வெளியே எடுத்துக் கேயாவில் முகமூடியாக, அதாவது நிலம் எங்கே வரவேண்டும் என்று காட்டும் படமாகக் கொடுத்தால் தீவின் உருவம் வந்துவிடும். உபினின் முகம் அதன் கரைக்கோட்டில்தான் இருக்கிறது, உயரத்தில் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தினால் ஆட்டத்தின் நன்றிப் பக்கத்தில் அதன் பெயரைப் போடவேண்டும்.


ஈரக்காற்று எழுதியது:

கருங்கல் சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கேயாவிலேயே முடிக்க நினைக்காதீர்கள். குவாரியையும் படகுத்துறையையும் அன்ரியலில் கையால் செய்வதே சரி. கணித்துச் செய்யும் மென்பொருள் மழையும் காலமும் செய்த வேலைக்கு. மனிதன் வெட்டிய பள்ளத்தைக் கையால் வெட்டுங்கள்.

வரிசை முக்கியம்: தீவு, அரிப்பு, அதன் பிறகுதான் குவாரி. குவாரியை முதலில் வெட்டி அரிப்பை ஓட்டினால் சுவர் சரிந்து வண்டல் பள்ளத்தை நிரப்பிவிடும். குவாரி போய்க் குளம் ஆகிவிடும்.

அன்ரியலில் நிலத்தின் மாற்றங்களைத் தனித்தனி அடுக்காக வைக்கும் எடிட் லேயர்களைத் தொடக்கத்திலேயே இயக்கிவிடுங்கள். கேயாவிலிருந்து வந்த நிலம் ஒரு லேயரில், குவாரி இன்னொன்றில், பாதையும் படகுத்துறையும் மூன்றாவதில். நாளைக்குக் குன்றைத் திருத்தி மறுபடி இறக்கும்போது முதல் லேயரில் மட்டும் இறக்கினால் கைவேலை அப்படியே இருக்கும். எல்லாம் ஒரே லேயரில் இருந்தால் ஒரு இறக்குமதியில் ஒரு வார வேலை போகும்.

குவாரிச் சுவருக்கு ஹைட்மேப்பை மட்டும் நம்பவேண்டாம். ஒரு புள்ளிக்கு ஒரு உயரம்தான் அதற்குத் தெரியும், முன்னே துருத்திய பாறையோ குகையோ வராது. 20 மீட்டர் செங்குத்துச் சுவரை 2 மீட்டர் இடைவெளிப் புள்ளிகளில் நிறுத்தினால் ஒரே கட்டம் பத்து மடங்கு நீண்டு, மேலே போட்ட கல் படம் நூல் நூலாக இழுபடும். எனவே லேண்ட்ஸ்கேப்பில் சுவரை மூன்று திட்டுகளாகப் படி வெட்டுங்கள். உண்மையான குவாரியிலும் அப்படித்தான் வெட்டுவார்கள். ஒவ்வொரு திட்டின் முகத்திலும் தனிப் பாறை மெஷ்களை (முப்பரிமாண உருவங்களை) சாய்த்து ஒட்டுங்கள். நல்ல பாறை ஐந்தாறு இருந்தால் போதும், திருப்பியும் அளவு மாற்றியும் வைத்தால் ஒன்றுபோல் தெரியாது. மெஷ்ஷின் அடி நிலத்துக்குள் ஒரு மீட்டராவது புதைந்திருக்கட்டும். செங்குத்து இடங்களின் மெட்டீரியலுக்கு (மேற்பரப்பு அமைப்புக்கு) டிரைபிளேனர் போடுங்கள், அது படத்தை மூன்று திசையிலிருந்தும் பூசுவதால் இழுபடுதல் நின்றுவிடும். குகை வேண்டும் என்றால் விசிபிலிட்டி கருவியால் துளை போடலாம், ஆனால் மெட்டீரியலில் லேண்ட்ஸ்கேப் விசிபிலிட்டி மாஸ்க் நோட் இல்லாவிட்டால் துளை தெரியாது.

தண்ணீருக்கு அன்ரியலின் வாட்டர் பிளகினைப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள். ஏரியை வைத்ததும் அது தன் கரைக்கு ஏற்றபடி நிலத்தைத் தானே சரித்துக்கொள்ளும். நீங்கள் வெட்டிய திட்டுகள் கண்முன்னே உருகிவிடும். ஏரியின் அமைப்பில் லேண்ட்ஸ்கேப்பைப் பாதிக்கும் பெட்டியின் குறியை முதலில் எடுத்துவிட்டு, பிறகு இடத்தில் வையுங்கள்.


நடைமேடை எழுதியது:

மேக் வைத்திருப்பவருக்கு மட்டும்: பிளெண்டர். அதில் நிலம் செய்யும் கூடுதல் கருவியான ஏ.என்.டி. லேண்ட்ஸ்கேப், பிளெண்டர் 4.2 பதிப்பிலிருந்து எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் தனியாக இருக்கிறது, இறக்கிக்கொள்ளவேண்டும். வடிவத்துக்கு நல்லது, அரிப்புக்கு அல்ல. பாறை மெஷ்களை அவரிடமே கொடுத்துவிடுங்கள், அதற்குப் பிளெண்டரே மேல்.

ஹைட்மேப்பைப் பிளெண்டரிலிருந்து எடுத்தால் கலர் மேனேஜ்மென்ட்டில் வியூ டிரான்ஸ்ஃபார்மை ரா என்று மாற்றுங்கள். புதிய பதிப்புகளில் தொடக்க நிலை ஏஜிஎக்ஸ். அது படத்துக்கு அழகு சேர்க்க வெளிச்சத்தை வளைக்கும், ஹைட்மேப்பில் அந்த வளைவு உயரத்தை வளைத்துவிடும்: உச்சி அமுங்கும், கரையோரச் சரிவு மாறும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எஞ்சினைக் கோடோவுக்கு மாற்றினால் நிலத்துக்கு டெரைன்3டி என்ற பிளகின் இருக்கிறது. அதற்கு 16-பிட் பிஎன்ஜி கொடுக்காதீர்கள், கோடோ அதை 8-பிட்டாகவே படிக்கும். ஈஎக்ஸ்ஆர் அல்லது ஆர்16 வகைக் கோப்பு கொடுங்கள். யூனிட்டி எஞ்சின் என்றால் ஹைட்மேப் அளவு 513, 1025, 2049 என்று போகும்.


படகுத்துறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேயாவில் தீவு வந்துவிட்டது, உருவம் நன்றாக இருக்கிறது. கரைக்கோட்டை முகமூடியாகக் கொடுத்தது பெரிய உதவி. ஆனால் அன்ரியலில் மூன்று சிக்கல்.

முதலாவது, சேற்றுத் திட்டு படிக்கட்டாக இருக்கிறது. கோப்பு 16-பிட் பிஎன்ஜிதான், பார்த்துவிட்டேன். ஓடைவாய் ஒன்றைப் படத்தொகுப்பியில் தூரிகையால் சேர்த்தேன், வேறெதுவும் செய்யவில்லை. இரண்டாவது, விளிம்புகளில் ஒரு பட்டை அளவுக்கு நிலம் கோடுகோடாக இழுபட்டு நிற்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு முறை பில்ட் செய்து இறக்கும்போதும் கடல்மட்டம் இடம் மாறுகிறது. நேற்று படகுத்துறை தண்ணீருக்கு மேலே, இன்று கீழே. கருங்கல் அண்ணே, அந்த 14336 எங்கே தவறுகிறது?


கருங்கல் எழுதியது:

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

படிக்கட்டு: அன்ரியலில் பக்கவாட்டு ஆர்த்தோகிராஃபிக் (தூரத்தால் அளவு மாறாத) பார்வைக்குப் போய், மவுஸின் நடுப் பட்டனை அழுத்தி இழுத்து ஒரு படியின் உயரத்தை அளந்து பாருங்கள். 100 செ.மீ. வந்தால் முழு மீட்டர் தரவின் எச்சம், செம்மண்சாலை சொன்னது. 50 செ.மீ. வந்தால் எங்கோ ஒரு கட்டத்தில் படம் 8-பிட்டாக மாறி வந்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது தூரிகை போட்ட இடம்தான். தொகுப்பி படத்தை 8-பிட்டாகத் திறந்து, திரும்ப 16-பிட் என்ற பெயரில் சேமித்தாலும் கோப்பின் தலைப்பு 16 என்றே காட்டும், உள்ளே இருப்பது 256 மதிப்புகள். போன விவரம் திரும்பாது. கேயாவிலிருந்து மறுபடி எடுங்கள். ஓடைவாயைத் தனிக் கறுப்பு வெள்ளை முகமூடியாக வரைந்து கேயாவுக்குள் கொடுத்து அங்கேயே தாழ்த்துங்கள். முகமூடி 8-பிட்டாக இருந்தால் பாதகமில்லை, ஓரத்தை நான்கைந்து பிக்சல் மங்கலாக்கிவிட்டால் போதும். ஹைட்மேப்பையே தொட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் கிருதா என்ற வரையும் மென்பொருளில் 16-பிட் ஆவணமாகத் திறந்து செய்யுங்கள்.

பட்டை: 1024ஐ அப்படியே இறக்கியிருக்கிறீர்கள். 126 கட்டக் காம்போனென்ட்டில் 1024 அடங்காது, அடுத்து வருவது ஒன்பதுக்கு ஒன்பது, அதாவது 1135. மீதி 111 புள்ளிகளை அன்ரியல் விளிம்பு மதிப்பை இழுத்து நிரப்புகிறது. ஸ்கேல் 200இல் அது எதிரெதிர் விளிம்புகளில் சேர்த்து 222 மீட்டர் அகலம். அளந்து பாருங்கள், சரியாக வரும். இறக்கும் முன் 1009க்குச் சுருக்குங்கள், கியூபிக் முறையில். நியரஸ்ட் முறை வேண்டாம், அது பதினைந்து வரிசைகளை அப்படியே விழுங்கிவிட்டு அந்த இடங்களில் மெல்லிய வெட்டுக் கோடு விடும். தலைப்பு எதுவும் இல்லாத ரா கோப்பாக எடுத்தால் சரிபார்ப்பது எளிது: 1009 பெருக்கல் 1009 பெருக்கல் 2, மொத்தம் 20,36,162 பைட். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் அளவு தவறு. பைட் எண்ணிக்கை சரியாக இருந்தும் நிலம் முழுக்க ஊசி ஊசியாக எழுந்தால் பைட் வரிசை தலைகீழ், விண்டோஸ் வரிசைக்கு மாற்றுங்கள்.

கடல்மட்டம்: கேயாவின் ஏற்றுமதியில் நார்மலைஸ் இயங்கியிருக்கும். அது ஒவ்வொரு பில்ட்டிலும் இருக்கும் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கறுப்பாகவும் உயர்ந்ததை வெள்ளையாகவும் நீட்டும். குன்றில் ஒரு மீட்டர் கூட்டினாலும் தீவு முழுவதும் நகரும். அந்த அமைப்பை ரா என்று, அதாவது நீட்டாமல் விடும்படி, மாற்றுங்கள். பிறகு படத்தில் கரைக்கோட்டில் ஒரு பிக்சலின் மதிப்பைப் பாருங்கள், 14336க்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். முதல் பில்ட்டிலேயே ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த பில்ட்களில் படகுத்துறை நனையாது.


ஈரக்காற்று எழுதியது:

அடுத்து வண்ணம் பூசப் போவீர்கள், அங்கே நிற்கும் தடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். செம்மண், இலைச்சருகு, கருங்கல், சேறு, மணல் என்று ஐந்து லேயர் வரும். ஒவ்வொன்றுக்கும் மூன்று டெக்ஸ்சர் (மேலே பூசும் படம்) என்றால் 15. லேண்ட்ஸ்கேப் தனக்கென்று வைத்திருப்பதையும் சேர்த்தால், டெக்ஸ்சரைப் படிக்கும் சாம்ப்ளர்களுக்கு ஒரு மெட்டீரியலில் உள்ள 16 என்ற வரம்பு தாண்டிவிடும். மெட்டீரியல் கம்பைல் ஆகாமல் தீவு முழுக்கச் சாம்பல் கட்டமாக நிற்கும். எல்லா டெக்ஸ்சர் சாம்ப்ளிலும் சாம்ப்ளர் சோர்ஸை ஷேர்டு ராப் என்று மாற்றுங்கள், தீர்ந்துவிடும்.

கேயாவிலிருந்து சரிவு, நீரோட்டம், வண்டல் ஆகிய மூன்று முகமூடிகளையும் ஹைட்மேப்போடு சேர்த்தே எடுங்கள், அதே பில்ட்டில், அதே 1009 அளவுக்குச் சுருக்கி. சரிவில் கருங்கல், நீரோட்டத்தில் செம்மண் கசிவு, வண்டலில் சருகு என்று இறக்கினால் கையால் பூசவேண்டியது சேறும் மணலும் மட்டும்தான். ஹைட்மேப்பைத் திருத்தினால் இந்த மூன்றையும் மறுபடி எடுங்கள். பழைய முகமூடியைப் புதிய குன்றின் மேல் போட்டால் ஓடைத் தடம் ஓடைக்குப் பக்கத்தில் தனியாக ஓடும்.